அவருக்குப் பிள்ளைகள் மூவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சியில் அண்மையில் காலமான ஓய்வுபெற்ற சமூகசேவை உத்தியோகத்தர் பற்றிய அஞ்சலிக் குறிப்பைத் தங்கள் பத்திரிகையில் கண்டேன். ஒரு மூலையிலாவது போட்டீர்களே, நன்றி. ஆனால் அவரோடு ஒரே கந்தோரில் நெடுங்காலம் எழுதுவினைஞராக இருந்தவள் என்ற முறையில் அதில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது.

'எண்ணற்ற சக்கர நாற்காலிகளை வழங்கிய வள்ளல்' என்று எழுதியிருந்தீர்கள். ஐயா இதைப் படித்திருந்தால் ஏசியிருப்பார். நாற்காலி கேட்டு ஆள் வந்தால் அவர் முதலில் கேட்பது "உங்கட வீட்டு வாசல் எவ்வளவு அகலம்?" என்பதைத்தான். தையற்காரரின் அளவுநாடா ஒன்று எப்போதும் அவருடைய சேட்டுப் பையில் கிடக்கும். சைக்கிளில் போய் வாசல், கிணற்றடி, மலசலகூடம் எல்லாம் அளந்துகொண்டு வருவார். மாரி தொடங்கினால் எங்கள் ஒழுங்கைகளில் நடப்பதே பாடு. கொழும்பிலிருந்து லொறியில் வந்திறங்கும் நாற்காலிகளோ ஆஸ்பத்திரி விறாந்தையில் உருட்டச் செய்தவை. பொன்னாடையும் படம்பிடிப்பும் முடிந்து வீட்டுக்குப் போனபின் அதில் கோழி அடைகிடக்கும். ஆகவே பலருக்கு நாற்காலி வேண்டாமென்று அவரே அறிக்கை எழுதினார். ஒருவருக்குக் கையால் மிதிக்கும் மூன்றுசில்லு வண்டி கேட்பார், இன்னொருவருக்கு வாசற்படியை உடைத்துச் சரிவு கட்ட இரண்டு பை சீமெந்து கேட்பார். கொடுக்க வந்தவர்கள் முகம் சுளிப்பார்களே ஐயா என்போம். "சுளிக்கட்டும்" என்பார். அந்தப் பிடிவாதத்தால் வரவேண்டிய உதவி வராமல் போனதும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது.

அளந்ததெல்லாம் தடித்த மட்டை போட்ட சீஆர் கொப்பியில் ஏறும். ஒரு பக்கம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது: 'இடக்கால், முழங்காலுக்குக் கீழ். வயது 11. ஊன்றுகோல் 40 அங்குலம். தை மாதம் திரும்ப அளக்க.' வளருகிற பிள்ளைக்கு ஒரே ஊன்றுகோல் காணாது என்பது எங்கள் படிவம் எதிலும் இல்லை. அந்தக் கொப்பிகளில் குடும்ப விபரமும் இருக்கும். அடையாள அட்டை இலக்கம், பிறப்புப் பதிவு இலக்கம், பதிந்த திகதி, பழைய விலாசம். 1996 செப்ரெம்பரில் யுத்தத்தால் கிளிநொச்சியே பெயர்ந்து அக்கராயன், மல்லாவிப் பக்கம் போனபோது தறப்பாள் துண்டில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனார். 2009இல் இறுதி யுத்தத்தில் பெரும்பாலானவை போய்விட்டன. ஒன்றுமட்டும் மாத்தளன், முள்ளிவாய்க்கால் எல்லாம் கடந்து, நனைந்து உப்பி, அவரோடு செட்டிகுளம் மெனிக்பாம் அகதி முகாமுக்கு வந்து சேர்ந்தது. கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் வந்த சனத்துக்கு அது பெரிய காரியம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுப்பது இலகு. தெரியாவிட்டால் ஆண்டாண்டாகத் தேடச் சொல்லிக் காசு கட்டவேண்டும். கூடாரத்து வாசலில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவரும் எங்களைப்போல முட்கம்பிக்குள் இருந்த அகதிதான்.

ஓய்வு பெற்றபின்னும் விட்டாரா? 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு வந்தது. 22 சுட்டிகளை வைத்து வீடுகளுக்குப் புள்ளி போட்டார்கள். தங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்று விளங்காத கிழவிகள் அவருடைய விறாந்தைக்குத்தான் வந்தார்கள். மேன்முறையீடு எழுதிக் கொடுப்பார், எழுத்து மட்டும் கோழி கிளறினமாதிரி.

வீட்டைக் கவனிக்காமல் ஊரைக் கவனித்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய மனைவி ரீச்சரம்மா விடியப் பள்ளிக்கூடம் போவதால் காலைச் சமையல் அவருடையது. புட்டு அவிப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. மகள்மார் இருவரையும் சைக்கிள் பாரிலும் கரியரிலும் வைத்து ரியூசனுக்கு ஏற்றிப் பறிப்பார். நிவாரணம் கொடுக்கும் நாளில் மட்டும் அந்த வீட்டுக்குச் சலுகை கிடையாது. ரீச்சரம்மா சங்கக்கடை வரிசையில் கடைசி ஆளாக நிற்பார், இவர் மேசையில் இருந்து பெயர் கூப்பிடுவார். "என்ர பேரைக் கூப்பிடேக்க மட்டும் தலையை நிமிர்த்த மாட்டார்" என்று ரீச்சரம்மா இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

இனி இரண்டாவது திருத்தம். 'இரு பெண்பிள்ளைகளின் தந்தை' என்று போட்டிருந்தீர்கள். 2009இல் தாய் தகப்பன் இருவரையும் இழந்த ஒரு பையனை, நன்னடத்தைத் திணைக்களம் ஊடாக நீதிமன்றக் கட்டளையோடு அவர்கள் பொறுப்பெடுத்து வளர்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஐயாவின் முதலெழுத்தைப் போடுவோமா என்று கேட்டார்கள். "அவனுக்குத் தகப்பன் ஒருத்தர் இருந்தவர், அவற்ற பேரே இருக்கட்டும்" என்று மறுத்துவிட்டார். முதலெழுத்து வேறாக இருந்ததால்தான் தங்களுக்குத் தகவல் தந்தவர் அவனை விட்டுவிட்டார்போலும். கொள்ளி வைத்தவன் அவன்தான். ரீச்சரம்மாவுக்கு இது பெரிய மனக்குறை. என்னைக் கடிதம் எழுதச் சொன்னதும் அவர்தான். பிள்ளைகள் மூவர் என்று, முப்பத்தோராம் நாளுக்கு முன் ஒரு வரியில் திருத்தம் வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
உருத்திரபுரம், கிளிநொச்சி.