வண்ணம் தீட்டும் பக்கத்தைக் காலியாக விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொடக்கப் பள்ளிகளில் ஓவியமும் இசையும் நாடகமும் ஏன் வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. அதற்குச் சொன்ன காரணம்தான் இடிக்கிறது. பாட்டுக் கற்றால் கணக்கு வரும், படம் வரைந்தால் மதிப்பெண் ஏறும் என்கிறார் கட்டுரையாளர். முப்பது வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். இந்த வாதத்தை நம்பி இறங்கினால், மதிப்பெண் ஏறாத வருடம் இருக்கிற ஒரு ஓவிய பீரியடையும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்போதே பாதி நாள் அதுதானே நடக்கிறது!

இசை கேட்டால் மூளை வளரும் என்ற பேச்சு பரவியது 1993-இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு சின்ன ஆய்விலிருந்து. கல்லூரி மாணவர்கள் 36 பேரைப் பத்து நிமிடம் மொசார்ட் இசை கேட்க வைத்து, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படி இருக்கும் என்பது மாதிரியான புதிர்களைக் கொடுத்தார்கள். கொஞ்சம் நன்றாகவே செய்தார்கள். ஆனால் அந்தப் பலன் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குமேல் நிற்கவில்லை. அந்த ஆய்வில் குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. அப்படியிருந்தும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கிற குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க பட்ஜெட்டில் பணம் கேட்டார். 2000-இல் எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட் என்ற ஆய்வாளர்கள் ஐம்பது வருட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கலை கற்றதால்தான் மற்றப் பாடங்களில் மதிப்பெண் கூடியது என்று சொல்ல வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் வகுப்பில் கதையை நடித்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கு மொழித் திறன் கூடுவது தெரிந்தது. நடிக்காத கதைகளையும் அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

அது எனக்கு ஆச்சரியமில்லை. என் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் இருந்தான். ஒரு கதையை நடித்தபோது எல்லா வேடமும் தீர்ந்துபோய், மிச்சமிருந்த கதவு வேடம் அவனுக்கு வந்தது. கையை நீட்டிக்கொண்டு நின்றான். யாராவது தள்ளினால் ‘கிர்ர்ர்’ என்று சத்தம் போட்டுக்கொண்டே அரைவட்டம் திரும்புவான். மறுநாள் காலை என் மேசைக்கு வந்து, “கதவு திறக்க மாட்டேன்னு சொல்லிட்டா அந்தக் கதை என்ன ஆகும் டீச்சர்?” என்று கேட்டான். இதற்கு எந்தத் தேர்வில் மதிப்பெண் போடுவது?

சரி, இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆறு வயதுப் பெண் ஒருத்தி பஸ் வரைந்துகொண்டு வந்தாள். பக்கவாட்டுத் தகடெல்லாம் கண்ணாடி மாதிரி. உள்ளே நிற்கிறவர்களின் கால், செருப்பு உட்பட எல்லாம் தெரிந்தன. நான் ரப்பரை எடுத்து அத்தனை காலையும் அழித்து, ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன். “கால் இல்லாம எப்படி நிப்பாங்க?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் வரைந்தது ஒரே படம்தான்: இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், மேலே நான்கு காக்கா. யாரும் திருத்த முடியாத படம்.

குழந்தைகளின் ஓவியங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதியதைப் பிற்பாடு படித்தபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது உறைத்தது. சுவருக்கு உள்ளே இருப்பதையும் சேர்த்து வரைவது அந்த வயதுக்கே உரியது. எக்ஸ்ரே படம் என்றே அதற்குப் பெயர். தாளின் அடியில் கோடு ஒன்று இழுத்து வீடு, மரம், மனிதர் எல்லாரையும் அதன்மேல் வரிசையாக நிறுத்துவதும் அப்படித்தான். உலகத்தில் எது எங்கே இருக்கிறது என்று பிள்ளை தானாகவே ஒழுங்குபடுத்திப் பார்க்கிறது. பஸ்ஸுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கால் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வரைந்தாள். நான்தான் அழித்தேன்.

ஆண்டு விழாவைக் காட்டி, எங்கள் பள்ளியில் கலைக்குக் குறையே இல்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒரு மாதம் ஒரே பாட்டுக்கு ஆட வைப்பார்கள். நன்றாக ஆடும் எட்டுப் பேர் முன்வரிசையில், மற்றவர்கள் கையில் இலையோடு மரமாகப் பின்னால். (அந்த மரங்களை “ஆடாதே” என்று அதட்டிய பாவம் எனக்கும் உண்டு.) அந்த ஒரு மாதத்தில் எந்தப் பிள்ளையாவது தானாக யோசித்து ஓர் அசைவு செய்திருக்குமா?

பிள்ளை தானாக யோசித்துச் செய்யப் பெரிய செலவெல்லாம் வேண்டாம். வெள்ளைத் தாளும் கிரேயானும் போதும். அப்புறம், டைம்டேபிளில் போட்ட பீரியடை யாருக்கும் கடன் கொடுக்காத தலைமையாசிரியர் ஒருவர் வேண்டும். படத்தை நீட்டும் பிள்ளையிடம் “இது என்ன?” என்று கேட்டால் முகம் சுருங்கிவிடும். “இதுல என்ன நடக்குது, சொல்லு” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நிற்காது.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒவ்வொரு இதழிலும் கோட்டுப்படம் ஒன்றைப் போட்டு ‘வண்ணம் தீட்டுங்கள்’ என்கிறீர்கள். இத்தகைய படங்களை லோவன்ஃபெல்ட் கடுமையாக எதிர்த்தார். யாரோ வரைந்த யானைக்குக் கோடு தாண்டாமல் சாயம் பூசிப் பழகிய பிள்ளை, தன் யானையை வரையத் தயங்கும் என்பது அவர் கவலை. அடுத்த இதழில் மட்டும் ஒரு கட்டம் போட்டு உள்ளே ஒன்றும் இல்லாமல் விட்டுப் பாருங்கள். மையும் மிச்சம். வருகிற படங்களில் கால் தெரிகிற பஸ் இருந்தால், தயவுசெய்து அதை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை