விலகியவருக்கு அடுத்த சீசனிலும் மேடை கொடுங்கள்: சபா செயலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மார்கழி இசை சீசனில் கச்சேரிகள் நடத்தும் சென்னை சபாக்களின் மதிப்புக்குரிய செயலாளர்களுக்கும் நிகழ்ச்சிக் குழுவினருக்கும்,

வணக்கம்.

சென்ற மார்கழியில் நாலு மணிக் கர்நாடக சங்கீதக் கச்சேரி ஒன்றுக்கு வாசிக்க வேண்டிய வயலின் கலைஞர், அன்று காலை பதினொரு மணிக்குப் போன் செய்து வர முடியவில்லை என்று சொன்னது உங்களில் பலருக்குத் தெரியும். அதன் பிறகு நடந்ததும் தெரியும். டாக்டர் சர்டிஃபிகேட் கேட்டார்கள், அனுப்பினார். சர்டிஃபிகேட்டின் மேலே மனநல மருத்துவர் என்று அச்சாகியிருந்தது. ராத்திரிக்குள் அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவிட்டது. இந்த வருஷம் இதுவரை வெளிவந்திருக்கும் எந்த நிகழ்ச்சி நிரலிலும் அவர் பெயர் இல்லை.

எந்த சபா, அனுப்பியது யார் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இந்த மடலை எழுதவில்லை. நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உடம்போ மனசோ சரியில்லாமல் ஒரு கலைஞர் கச்சேரியிலிருந்து விலகினால், அடுத்த சீசனில் அவருக்கு அதே நேரத்தைக் கொடுங்கள். கொடுப்போம் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

பகல் பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நாலு மணி, மாலைக் கச்சேரி. இவை படிகள் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படிகளைக் கட்டியவர்களே நீங்கள்தான். இலவசப் பகல் கச்சேரியிலிருந்து நடுப்படியான சப்-சீனியருக்கு வருவதற்குள் ஒருவரின் இளமையே போய்விடுகிறது. டிக்கெட் போடும் மாலைக் கச்சேரியை எட்டாமலே ஓய்ந்துபோகிறவர்கள்தான் அதிகம். ஒரு வருஷம் பெயர் விட்டுப்போனால் மறு வருஷம் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். கோயில் உற்சவம் நடத்துகிறவர்களும், வெளியூர் சபாக்காரர்களும், வெளிநாட்டு டூர் ஏற்பாடு செய்கிறவர்களும் முதலில் பார்ப்பது சென்னையின் டிசம்பர் லிஸ்ட்டைத்தான். சீசனில் கிடைக்கும் சன்மானம் பல பக்கவாத்தியக்காரர்களுக்குப் போக்குவரத்துச் செலவு போக மிஞ்சுவதில்லை. அந்த லிஸ்ட்டில் பெயர் இருப்பதை வைத்துத்தான் மீதி பதினோரு மாசப் பிழைப்பு.

ஆகவே யாரும் விலகுவதில்லை. முடியாமலே வந்து உட்காருகிறார்கள். அப்போது என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம். மேடையின் எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது தெரிய வேண்டும்.

பாடுகிறவருக்கு மார்கழிப் பனியில் தொண்டை கட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். குரல் நாண்கள் வீங்கியிருக்கும்போது செய்ய வேண்டியது பேசாமல் இருப்பது. அதற்கு நாலைந்து நாள் வேண்டும். கச்சேரியோ நாளை மறுநாள். ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் வீக்கம் வடிந்து, ஒரு சாயங்காலத்துக்குச் சாரீரம் திரும்பி வந்த மாதிரி இருக்கும். ஆனால் நாண் ஆறியிருக்காது. அதன்மேல் இரண்டரை மணி நேரம் பாடுகிறார். வயலின்காரர் தனியே வாசிக்கும்போதும், தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போதும் கிடைக்கும் சில நிமிஷங்கள்தான் ஓய்வு. தார ஸ்தாயியில், அதாவது மேல் ஸ்வரங்களில், அழுத்திப் பிடிக்கும் ஓர் இடத்தில் நாணில் இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய் வெடித்துக் கசிந்தால் குரல் சட்டென்று போய்விடும். அப்போதாவது முழு மௌனமாக இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன்மேலும் பாடினால் வடு விழுகிறது. வடு விழுந்த நாண் முன்போல அதிராது. பிறகு சுருதியை அரைக் கட்டை குறைத்துப் பாட வேண்டிவரும்; ‘சாரீரம் போச்சு’ என்று ஹாலிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வாசிக்கிறவர்களின் பாடு இன்னும் மறைவானது. மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு வலது கையில் ஒரு விரல் மட்டும், தரிகிடதக என்று வேகமெடுக்கும்போது, தானாக உள்ளே மடங்குகிறது. வலி கிடையாது. அதே விரலால் சட்டைப் பொத்தான் போடுகிறார், போனில் டைப் செய்கிறார், ஒரு குறையும் இல்லை. மிருதங்கத்தின் முன் உட்கார்ந்தால் மட்டும் மடங்குகிறது. சாதகம் (பயிற்சி) போதவில்லை என்று நினைத்துக் காலையில் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டுகிறார். அங்கேதான் கெட்டுப்போகிறது. ஃபோகல் டிஸ்டோனியா என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலையில் பழுது விரலில் இல்லை. ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை துல்லியமாகத் திரும்பச் செய்ததில், விரல்களைத் தனித்தனியே அடையாளம் வைத்திருக்கும் மூளையின் கணக்கு கலங்கிப்போகிறது. பழைய முறையிலேயே சாதகத்தைக் கூட்டினால் கலக்கம் முற்றும். நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும், சிலருக்குத் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி உதவும், பாதி வேகத்துக்கும் கீழே இறக்கி விரல்களுக்கு மறுபடி பழக்க வேண்டும். மாசக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் ஆகும். அந்தக் காலத்துக்கு மேடையை விட்டு விலகியிருக்க வேண்டும்.

அவர் விலக மாட்டார். மடங்கும் விரல் தேவைப்படாத மிருதங்கச் சொற்களாகப் பார்த்துக் கோர்வை கட்டுவார். ஃபரன்கள் என்னும் அதிவேக வாசிப்பைச் சுருக்குவார். தனி ஆவர்த்தனத்தில் உடன் வாசிக்கும் கடக் கலைஞருக்கு அதிக நேரம் விட்டுக்கொடுப்பார். ‘என்ன பெருந்தன்மை’ என்று விமர்சனத்தில் எழுதுவார்கள். குருவிடம் சொல்ல மாட்டார், வீட்டிலும் முழுசாகச் சொல்ல மாட்டார். ‘அவருக்குக் கை விழுந்துடுத்தாம்’ என்ற ஒரு பேச்சு மயிலாப்பூரிலிருந்து தி. நகர் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இப்படி மறைத்துக்கொண்டே வாசிக்கிறவரின் மனசு என்ன பாடுபடும் என்று ஒரு நிமிஷம் யோசித்துப்பாருங்கள். கை போனதைவிட, கை போனது தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

மேடை நடுக்கம் கற்றுக்குட்டிகளுக்குத்தான் வரும் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1980களில் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா இசைஞர்களிடம் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். பதில் சொன்னவர்கள் 2,212 பேர். வாசிப்பைப் பாதிக்கும் அளவுக்கு ஒரு நோயாவது உண்டு என்றவர்கள் 76 சதவீதம். படபடப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்துக்கொள்வதாகச் சொன்னவர்கள் 27 சதவீதம். அத்தனை பேரும் சம்பளம் வாங்கும் தொழில்முறைக் கலைஞர்கள். இசைக்குறிப்பைப் பார்த்து, பல முறை ஒத்திகை பார்த்து வாசிக்கிறவர்கள். நம் வயலின்காரருக்கு ஒத்திகையே கிடையாது. பல்லவி என்ன தாளம், என்ன நடை என்பதே மேடையில்தான் தெரியும். பாடகர் முடித்த அடுத்த நொடியில் அதே ராகத்தைத் தன் கையில் எடுத்து ஆலாபனை செய்ய வேண்டும். வில் நீளமாக இழுக்கும் இடத்தில் கை லேசாக உதறினாலும் மைக் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த மாத்திரை இங்கேயும் உண்டு. ப்ராப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் மாத்திரை அட்டை கிரீன் ரூமில் ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. அது படபடப்பையும் கை நடுக்கத்தையும் அடக்கும். மனசின் பயத்தை ஆற்றாது. ஆஸ்துமா இருக்கிறவர் விழுங்கினால் மூச்சுக்குழாய் இறுகி உயிருக்கே ஆபத்து. நாடித்துடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ளவருக்கும் ஆகாது. மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுக்க வேண்டிய மருந்து அது.

முறையாக மனநல சிகிச்சை எடுக்கிறவர்களுக்கு வேறு சிக்கல். மனநிலையைச் சமன்படுத்தும் லித்தியம் சாப்பிடுகிறவருக்குக் கையில் மெல்லிய நடுக்கம் வரலாம். பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகள் சில வாயை உலர்த்திவிடும்; பாடுகிறவருக்கு அது பெரிய தண்டனை. தான் பாடுகிறவர், வாசிக்கிறவர் என்று சொன்னால் மருத்துவர் அளவையோ மருந்தையோ மாற்றித் தர முடியும். ஆனால் டிசம்பர் நெருங்கியதும் பலர் யாரிடமும் கேட்காமல் தாங்களாகவே மருந்தை நிறுத்துகிறார்கள். சீசன் முடிவதற்குள் நோய் இரண்டு மடங்காகத் திரும்பிவிடுகிறது. அந்த நிலையில்தான் ஒருவர் பதினொரு மணிக்குப் போன் செய்கிறார். அப்படிப்பட்டவரிடம்தான் நீங்கள் சர்டிஃபிகேட் கேட்கிறீர்கள்.

சிகிச்சை விவரங்கள் ரகசியமாகக் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டத்தைக் காட்டி உங்களிடம் பேச வேண்டியிருப்பதே எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது.

எழுத உட்கார்ந்தால் மற்றவையும் முட்டிக்கொண்டு வருகின்றன. 2017இல்தான் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்த நகரத்தின் பல அரங்குகளில் கச்சேரிக்கு முன் பத்து நிமிஷம் முதுகைச் சாய்க்க ஒரு பெஞ்சு கிடையாது. கேன்டீனுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக் கிரீன் ரூம் கழிப்பறைக்குக் கொடுத்திருந்தால், பெண் கலைஞர்கள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் வந்து மேடையேற மாட்டார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு விடியற்காலை ஆன்லைன் வகுப்பு எடுத்துவிட்டுத் தூக்கமில்லாமல் வந்து வாசிக்கிறவர்களிடம், ‘அனுபவம்தானே, சன்மானத்தைப் பெரிசா நினைக்காதீங்கோ’ என்று சொல்கிறீர்கள். கலைஞரைக் கேட்காமல் யூடியூபில் நேரலை விடுகிறீர்கள். சறுக்கிய ஒரு ஸ்வரத்தை மட்டும் யாரோ வெட்டி எடுத்துச் சுற்றுக்கு விடுகிறார்கள். 2018இல் பாலியல் தொல்லைகளைப் பற்றிப் பெண்கள் வெளியே வந்து பேசிய பிறகு அமைத்த புகார்க் குழுக்களின் உறுப்பினர்கள் யார், அவர்களை எப்படி அணுகுவது என்று எத்தனை அரங்குகளின் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறீர்கள்?

கோபம் மேலோங்கிவிட்டது, பொறுத்தருளுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறோம். விலகியவருக்கு அடுத்த வருஷமும் அதே மேடை. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை.

கச்சேரி நாளன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் கலைஞர் போனில் சொன்னால் போதும் என்று வையுங்கள். காரணம் கேட்காதீர்கள், சர்டிஃபிகேட் கேட்காதீர்கள். இதைச் சாக்காக வைத்து ஏமாற்றுவார்களே என்று தோன்றலாம். டிசம்பர் மேடையைத் தானாக விட்டுக்கொடுக்கும் கலைஞர் யாரையாவது உங்கள் அனுபவத்தில் பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பின்னும் சந்தேகம் இருந்தால், தொடர்ந்து இரண்டு சீசன் விலகினால் மட்டும் பேசித் தீர்மானிப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

பதில் ஆள் கிடைப்பதுதான் உங்கள் உண்மையான கஷ்டம்; அது எங்களுக்கும் புரிகிறது. அதைச் சபாக்கள் சேர்ந்து தீர்க்கலாம். சீசன் நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டு, இரண்டு வயலின், இரண்டு மிருதங்கம் என்று ஐந்து பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அழைக்காவிட்டாலும் அவர்களுக்குக் காத்திருப்புச் சன்மானம் கொடுங்கள். எல்லா சபாக்களும் பங்கு போட்டால் ஒரு சபாவுக்கு விழும் பாரம் சிறியதுதான். பகல் கச்சேரியில் நன்றாக வாசிக்கும் இளையவர்களுக்கு அதுவே ஒரு வாய்ப்பாகவும் இருக்கும். அரங்க வாசல் பலகையில் ‘இன்றைய கலைஞர் மாற்றம்’ என்று மட்டும் எழுதுங்கள். ‘உடல்நலக் குறைவால்’ என்ற சொல்லே வேண்டாம். அந்த ஒரு சொல்லில்தான் வதந்தி முளைக்கிறது. கிரீன் ரூம் கதவின் உட்பக்கம் 14416 என்ற எண்ணை ஒட்டுங்கள். டெலி மனாஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இந்த மடலின் கீழே எங்கள் பெயர்களைப் போடவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

வரும் சீசனுக்கான அழைப்புக் கடிதங்கள் கலைஞர்களுக்குப் போவதற்கு முன், கீழ்க்கண்ட வரிகளை அதில் சேர்த்து அச்சிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்:

“உடல்நலம் அல்லது மனநலம் காரணமாகத் தாங்கள் இந்த நிகழ்ச்சியிலிருந்து விலக நேர்ந்தால் காரணமோ சான்றிதழோ கேட்கப்பட மாட்டாது. அடுத்த சீசனில் இதே நேரம் தங்களுக்கு ஒதுக்கப்படும்.”

சென்ற வருஷம் விலகிய அந்த வயலின் கலைஞருக்கு முதல் கடிதத்தை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மேடைகளில் பாடும், வாசிக்கும் கலைஞர்கள் சிலர்