தெற்குச் சுவர்க் கல்வெட்டைக் காப்பாற்றக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் தெற்குத் தெரு மக்களும்
பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள்
பொருள்: சிவன் கோயில் தெற்குச் சுவரில் கசியும் தண்ணீர்த் தொட்டியை அகற்றுதல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற ஐப்பசியிலும் இந்தச் சித்திரையிலும் கொடுத்த மனுக்களுக்குப் பதில் இல்லை. இடம் தங்களுக்குத் தெரியும். கும்பாபிஷேகத்தன்று அந்தத் தொட்டி நிழலில்தான் தங்களுக்கு நாற்காலி போட்டிருந்தோம்.

1. மிதவை வால்வு கெட்டுப்போய், மோட்டார் போடும்போதெல்லாம் தொட்டி நிரம்பி வழிகிறது. தண்ணீர் நேராகக் கல்வெட்டு மேல் இறங்குகிறது.

2. அது மூன்றாம் குலோத்துங்க சோழன் கல்வெட்டு. அவர் 1178 முதல் 1218 வரை ஆண்டவர். அவருடைய பட்டப்பெயரோடு வரும் "திரிபுவன வீரதேவற்கு யாண்டு" (அவர் ஆட்சியின் ஆண்டு) என்பது வரை நன்றாகத் தெரிகிறது. அப்புறம் வரும் ஆண்டு எண்தான் போகிறது ஐயா. ௨௰ (தமிழ் எண்ணில் இருபது; ௨ இரண்டு, ௰ பத்து) என்று இரண்டு குறி இருந்தது, மூன்றாவது உப்புப் பூத்து மூடிக் கிடந்தது. துறையிலிருந்து ஆள் வந்து சுத்தம் செய்து படித்துவிடுவார்கள் என்று நம்பி நான் கை வைக்கவில்லை. போன வாரம் ௰ மேல் விரல் பட்டதும் கல் அப்பளம் மாதிரி பெயர்ந்து கையோடு வந்தது. அதைக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறேன்.

3. ஒரு எண்ணுக்கா இவ்வளவு என்று நினைக்க வேண்டாம். திருப்பாம்புரத்தில் இதே அரசரின் 23-ஆம் ஆண்டு, அதாவது 1201 வாக்கில், காசுக்கு 3 நாழி தானியம் விற்ற பஞ்சத்தில், ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. எண் நின்றதால்தான் அந்தப் பசி எந்த வருஷத்துப் பசி என்று தெரிகிறது. நம் கல்லிலும் இருபதுக்கு மேல் ஏதோ ஒரு வருஷம். அதே பஞ்ச வருஷமாகவே இருக்கலாமே! அந்த வருஷத்தில் நம் ஊரில் விளக்குக்கு எண்ணெய் கொடுத்தது யார் என்பதும் அடுத்த வரியில்தான் இருக்கிறது. அந்த வரியிலும் இப்போது ஈரம் ஏறிவிட்டது. சோழர்களின் தஞ்சையையும் உறந்தையையும் (உறையூர்) கொளுத்திய சுந்தரபாண்டியனே, பட்டினப்பாலை பாடிய புலவருக்குக் கரிகால் சோழன் கொடுத்த 16 கால் மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு சொல்கிறது. பகையாளிக்கு இருந்த அக்கறை நமக்கு இல்லையா ஐயா? 800 வருஷம் நின்ற கல்லை ஒரு வால்வுக்குப் பறிகொடுப்பதா?

4. தொட்டியை மடப்பள்ளிப் பக்கம் மாற்றுங்கள். செலவைத் தெருக்காரர்களே ஏற்கிறோம், அனுமதி மட்டும் போதும்.

5. மழைக்கு முன்னால் கல்வெட்டின் மசிப்படி (மை தடவிக் காகிதத்தில் எடுக்கும் பிரதி) எடுக்க ஆள் அனுப்புங்கள். ஐப்பசி பிறக்க இன்னும் 3 வாரம்தான் இருக்கிறது.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். தொட்டியை மட்டும் மாற்றித் தாருங்கள் ஐயா. அந்த ௨ இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தெற்குத் தெரு மக்கள்