முளைப்பாரி போடுவது பற்றி நீ கேட்டதற்கு

பாப்பாவுக்கு அம்மா எழுதுறது.

சட்டியில பயறு முளைக்க வச்சு அம்மனுக்குத் தலையில எடுத்துட்டுப் போற முளைப்பாரியை எப்படிப் போடுறதுன்னு நீ கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் எழுதுறேன். முத்தாலம்மன் சிலை செய்யச் சொல்லிப் பிடிமண் கொடுத்தாச்சு. மண்பாண்டம் செய்யிற வேளார் கண்மாய் மண்ணு எடுத்துட்டார். புரட்டாசி கடைசிச் செவ்வாய் பொங்கல். அதுக்கு முந்தின செவ்வாய் திருவிழாவை ஊருக்குச் சொல்ற சாட்டு, அன்னைக்கே காப்பு. மண்ணுல செஞ்ச அம்மன் கண் திறந்து ஊருக்குள்ள வந்து, பொங்கல் முடிஞ்சதும் எல்லைக்குப் போய்க் கலைஞ்சிருவா. முளைப்பாரி அந்த நாளுக்குச் சரியா நிமிர்ந்து நிக்கணும். பிந்திப் போட்டா குட்டையா நிக்கும், முந்திப் போட்டாச் சாஞ்சிரும்.

முதல்ல விதை. உடைச்ச பருப்பு முளைக்காது, முழுப்பயறுதான் வேணும். அங்க கடையில பாக்கெட்ல இருக்கிறது பழசா இருக்கும், பாதி முளைக்காம அழுகி மத்ததையும் கெடுக்கும். தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை, உளுந்து, சோளம், கம்பு போதும். நவதானியம்னு பேரு, ஒன்பதும் கிடைக்கலேன்னா அம்மன் கோவிச்சுக்க மாட்டா. ஒரு அடி அகலச் சட்டிக்கு எல்லாம் சேர்த்துக் கால் கிலோ. பயறு வகையை ராத்திரி முழுக்க ஊறவை. சோளமும் கம்பும் சின்ன விதை, விடியக்காலம் போட்டாப் போதும். மிதக்கிறதைத் தள்ளிரு. வடிச்சு ஈரத்துணியில கட்டி வச்சா மறுநாள் முளை எட்டிப்பார்க்கும்.

சட்டிக்கு அடியில ஓட்டை இருக்கணும். இதைத்தான் எல்லாரும் விட்டுர்றாங்க. தண்ணி தேங்கினா மூணாம் நாள் வெள்ளைப் பூசணம், நாலாம் நாள் நாத்தம். அடியில வைக்கோல் நாலு விரக்கடை, மேல காஞ்ச மாட்டு எருவைப் பொடிச்சுச் சலிச்சு ரெண்டு விரக்கடை. மொச்சையை நடுவுல போடு, அது பெருசு, முட்டிக்கிட்டு வரும். சுத்தி மத்ததெல்லாம் நெருக்கமா. மேல எருவை மெல்லிசாத் தூவு. காலையும் சாயங்காலமும் மஞ்சத்தண்ணி கையால தெளிக்கிறதுதான், ஊத்தக் கூடாது. பூசணம் கண்டா அந்தக் கொத்தை மட்டும் கிள்ளிட்டு ஒரு வேளை தண்ணியை நிறுத்து.

அப்புறம் இருட்டு. வெளிச்சம் பட்டாப் பச்சை பிடிச்சுக் குட்டையா நின்னுரும். இருட்டுல வெளிச்சத்தைத் தேடி, விதையில இருக்கிற சத்தையெல்லாம் போட்டு மஞ்சளா, நெடுநெடுன்னு வளரும். சத்து தீர்ந்தாச் சாஞ்சிரும், அதான் எட்டு நாள் கணக்கு. ஒரு சாணுக்கு மேல போனதும் சுத்திச் சோளத்தட்டை நாலு ஊனி நூல் கட்டணும்.

இதுக்கு யாரும் புழங்காத ரூம் ஒண்ணு வேணும். நீ எழுதியிருந்த, ‘ஒரு ரூம் சும்மாதான்மா கிடக்கு’ன்னு. ரெண்டு ரூம் வீட்டுல எது சும்மா கிடக்கு? ஒண்ணு மாப்பிள்ளை ஆபீஸ் வேலை பார்க்கிற ரூம்தானே. மேசை, கம்ப்யூட்டர் எல்லாம் எங்க போச்சு? ஏசி ரூமா இருந்தாக் குளிருக்கு முளை பிந்தும், அதுக்குத்தான் கேக்குறேன்.

அங்க வளர்த்துப் பஸ்ல கொண்டுவர்றேன்னு சொல்ற. நடக்காது. ரெண்டு குலுக்கல்ல தண்டு மடங்கிரும், மடங்கினது நிமிராது. முளைப்பாரி வீட்டுல எல்லாச் சட்டியும் ஒண்ணா இருக்கும். ராத்திரி ராத்திரி கும்மி கொட்டணும். அங்க யாரு இருக்கா உன்கூடக் கும்மி கொட்ட? ராத்திரி யாரு இருக்கா?

நீ இங்க வந்து போடு. ஆனா காப்பு கட்டினாப் பொங்கல் முடியிற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது, உனக்கே தெரியும். எட்டு நாள் மாப்பிள்ளை சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவார்னு நான் கேக்கலாமா கூடாதான்னு தெரியலை. இத்தனை வருஷம் கூப்பிட்டப்ப லீவு கிடைக்காதுன்ன. இந்த வருஷம் நீயாக் கேக்குற. எம்மக முளைப்பாரி எடுக்கப்போறான்னு பயறு கடைக்காரர்கிட்டச் சொல்லி, புதுத் தட்டைப்பயறு ஒதுக்கி வச்சிட்டேன். தெருவுல இன்னும் சொல்லலை. என்ன வேண்டுதல்னு கேப்பாளுக, நான் என்ன சொல்ல?

ஓட்டை போட மறந்துராத. தண்ணி ஊத்தாத, தெளி. தூக்கிட்டுப் போற அன்னைக்குக் காலையில தெளிக்கவே தெளிக்காத, வைக்கோல் ஊறிச் சட்டி கனத்துரும், கண்மாய்க்கரை வரைக்கும் தலையில நிக்காது. கனமான சும்மாடு நான் சுத்தி வைக்கிறேன்.

அப்பாகிட்ட நீ கேட்டதை மட்டும் சொன்னேன், ரூம் சங்கதி சொல்லலை. தனியா வர்றதுன்னாலும் வா. சாட்டுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை ராத்திரி விதை ஊறப்போடணும், அதுக்குள்ள உனக்கும் சேர்த்துப் போடவா வேண்டாமான்னு சொல்லு. போன் பண்ணினா மதியம் பண்ணு, அப்பா தோட்டத்துல இருப்பார்.

அம்மா