சுகர் நார்மல்தானே என்று சொல்வதற்கு முன்

அவசர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம். என் மகளுக்கு எம்கேட் குறைபாடு. பெயரைக் கேட்டு உங்கள் நெற்றி சுருங்கினால் அது உங்கள் தவறில்லை. பணிக்காலம் முழுவதும் இப்படி ஒரு குழந்தையை நீங்கள் பார்க்காமலே போகலாம். அதனால்தான் அவள் நன்றாக ஓடியாடும் ஒரு பகலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நள்ளிரவில், துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும்போது எனக்கு இவ்வளவு கோர்வையாகப் பேச வராது.

சாப்பிட்டுப் பல மணி நேரம் ஆகிவிட்டால் எல்லோருடைய உடம்பும் சேமித்து வைத்த கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலங்களை உடைக்கும் எம்கேட் (MCAD) என்ற நொதி அவளுக்கு வேலை செய்வதில்லை. ஏ.சி.ஏ.டி.எம். என்ற மரபணுவின் பழுதான பிரதி என்னிடம் ஒன்று, அவள் அப்பாவிடம் ஒன்று. இரண்டும் அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத் துளியில் இது தெரிந்தது. நலமாக இருக்கும் நாளில் தனி மருந்து ஏதும் வேண்டாம், பட்டினி மட்டும் கூடாது. இப்போது இரவில் 12 மணி நேரம் வரை தாங்குவாள். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

அவளுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு இரவு. நான்கு முறை வாந்தி. பணியில் இருந்த மருத்துவர் விரலில் குத்திப் பார்த்தார். "சுகர் 84 இருக்கேம்மா, ஏன் பயப்படுறீங்க? சிறுநீர்ல கீட்டோனும் இல்ல. வாந்தி நிக்கிற வரைக்கும் வாயில ஒண்ணும் குடுக்காதீங்க." அன்பாகத்தான் சொன்னார். வேறொரு குழந்தைக்கு அது சரியான பேச்சாகக்கூட இருந்திருக்கும். இரண்டு மணி நேரம் கழித்து அவளை எழுப்ப முடியவில்லை. அப்போது சுகர் 31.

அந்த இரவில் அவர் சொன்ன மூன்றுமே இந்த நோயில் தலைகீழ். கீட்டோன் என்பது கொழுப்பு எரியும்போது உருவாகும் பொருள். கொழுப்பை எரிக்க முடியாத உடம்பில் அது போதிய அளவு உருவாகாது. பட்டினி கிடந்த குழந்தையிடம் அது இல்லாததே அபாய அறிகுறி. சுகர் கடைசியில்தான் விழும். அதற்கு வெகு முன்பே சோர்வும் தூக்கக் கலக்கமும் வந்துவிடும், எரியாத கொழுப்பின் மிச்சங்கள் சேரத் தொடங்கியிருக்கும். எண் விழும்வரை காத்திருந்தால் வலிப்பு, மயக்கம், அதற்கு மேலும். 1980களின் தொடக்கத்தில் இந்த நோய் இனங்காணப்படும் முன் இதனால் இறந்த குழந்தைகளில் சிலருக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேய் நோய் என்றும், சிலருக்குக் காரணம் தெரியாத திடீர் மரணம் என்றும் எழுதி வைத்தார்கள்.

ஆகவே நான் நீட்டும் கடிதத்தை முதலில் படியுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட ஒற்றைத் தாள், படிக்க ஒரு நிமிடம். வளர்சிதை மாற்ற நிபுணர் கையெழுத்திட்டது. சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லை என்றால் உடனே 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரை கலந்த டிரிப்ஸ், ஏற்றச் சொல்கிறது. அளவும் அதிலேயே இருக்கிறது. ரத்தம் எடுங்கள், அம்மோனியா பாருங்கள், ஆனால் முடிவு வரட்டும் என்று டிரிப்ஸை நிறுத்தி வைக்காதீர்கள். தெம்புக்கு என்று எம்.சி.டி. எனும் நடுத்தர நீளக் கொழுப்பு எண்ணெய் சேர்த்த சத்துப் பவுடரை யாராவது எடுத்தால் தடுத்துவிடுங்கள். அவளால் உடைக்க முடியாத கொழுப்பே அதுதான்.

"பார்க்க நல்லாத்தானே இருக்கா?" என்று கேட்பீர்கள். ஆமாம். அப்படி இருக்கும்போதே வந்துவிட வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். கூகுள் பார்த்துவிட்டு வந்து பதறும் அம்மா என்று நீங்கள் நினைத்துக்கொண்டாலும் சரி, ஊசியைப் போட்டுவிட்டு நினையுங்கள்.

அடுத்த மாதம் அவளுக்கு மயக்கம் கொடுத்துப் பல் எடுக்கவிருக்கிறார்கள். "வெறும் வயிற்றில் கூட்டி வாருங்கள்" என்று அச்சடித்த தாளை நேற்றுக் கொடுத்தார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, முந்தின நாளே மருத்துவமனையில் சேர்த்து, பட்டினி தொடங்கும்போதே டிரிப்ஸும் தொடங்கும்படி எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு தாய்