பொரித்த கோழியும் ஒரு முழங்கையும்

வால்தம், மாசசூசெட்ஸ்
அக்டோபர் 12

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, முழங்கால். படி ஏறினால் எண்ணெய் காணாத கீல் போலச் சத்தம் போடுகிறது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "உங்கள் வயதுக்கு இது பரவாயில்லை" என்றார். நம் வயதுக்கு எல்லாமே பரவாயில்லை போலிருக்கிறது. பெரியவள் சியாட்டிலில் வேலைக்குப் போய்விட்டாள், சின்னவன் இன்னும் வீட்டில்தான். தெருவில் மேப்பிள் மரங்கள் சிவந்துவிட்டன. ஊர்ச் செய்தி அவ்வளவுதான், உன் வழக்குக்கு வருகிறேன்.

உன் கிரிக்கெட் அணியின் மூன்று வேகப்பந்து வீச்சாளர்களும் இந்த சீசனில் அடி வாங்குகிறார்கள், கமிட்டி உன்னைத் திட்டுகிறது, நீ பையன்களைத் திட்டுகிறாய். "இரவு பதினொன்றரைக்குப் பரோட்டாக் கடையில் நிற்கிறவன் காலையில் எப்படி ஓடிவந்து வீசுவான்?" என்று கேட்டிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்குப் பொரித்த கோழி நினைவுக்கு வந்தது. 2011-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் தலையில் விழுந்த கோழி. கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் கில்லி தாண்டு என்பது உன் கட்சி. இருந்தாலும் பொறுத்துக்கொண்டு கேள், நீ கேட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். ஆறு மாதம் ஏறக்குறைய தினமும் ஆட்டம். பந்தை எறிகிறவனுக்குப் பிட்சர் என்று பெயர். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் ஓர் அணிக்கு ஐந்து பேர். முறை வைத்து ஆளுக்கு ஒரு நாள். தன் முறை வந்தால் ஒருவன் நூறு பந்து வரை முழு வேகத்தில் எறிவான். அடுத்த நான்கு நாள் அந்தக் கைக்கு ஓய்வு. அந்த நான்கு நாளும் அவன் மைதானத்துக்கு வரத்தான் வேண்டும், ஆனால் ஆட்டத்தில் அவனுக்கு வேலை இல்லை. கோழி நுழைந்தது இந்த நான்கு நாள் இடைவெளியில்தான்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் முடிவில் ரெட் சாக்ஸ் 83 வெற்றி, 52 தோல்வி. செப்டம்பர் தொடக்கத்தில் டாம்பா பே அணியைவிட ஒன்பது ஆட்டம் முன்னே நின்றது. அடுத்த சுற்று உறுதி என்று பத்திரிகைகள் எழுதின, நானும் அலுவலகத்தில் பந்தயம் கட்டினேன். செப்டம்பரில் ஆடிய 27 ஆட்டங்களில் ஜெயித்தது ஏழு. ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக எத்தனை ரன் விட்டான் என்பதுதான் பிட்சருக்கு மதிப்பெண் பட்டியல். நாலுக்குக் கீழே இருந்தால் நல்ல பையன். அந்த மாதம் பாஸ்டனின் தொடக்க பிட்சர்கள் எல்லோருக்கும் சேர்த்து வந்த கணக்கு 7.08.

செப்டம்பர் 28, கடைசி நாள். பால்டிமோரில் ஆட்டம். நான்கு நாள் ஓய்வு எடுக்க வேண்டிய ஜான் லெஸ்டரை மூன்றே நாளில் இறக்கினார்கள். அவர் ஆறு இன்னிங்ஸ் எறிந்து இரண்டு ரன்தான் கொடுத்தார். ஒன்பதாவது இன்னிங்ஸில் பாஸ்டன் 3-2 முன்னிலை, எதிரணிக்கு இரண்டு பேர் அவுட், தளத்தில் ஒருவரும் இல்லை. ஒரே ஒரு அவுட் போதும். பாஸ்டனின் பேப்பல்பான் எறிந்தார். இரண்டு பெரிய அடி, சமன். அடுத்து ராபர்ட் ஆண்டினோ அடித்த பந்தைச் சறுக்கிப் பிடிக்கப் போன பாஸ்டனின் கார்ல் கிராஃபர்டின் கையுறையிலிருந்து அது நழுவியது. ஆட்டம் முடிந்தது, பாஸ்டன் தோற்றது. சில நிமிடத்தில் டாம்பாவில், ஏழு ரன் பின்தங்கி இருந்த டாம்பா பே அணி, நியூயார்க் யாங்கீஸை லாங்கோரியாவின் ஹோம் ரன்னால் வீழ்த்தியது. அடுத்த சுற்று இடம் அவர்களுக்குப் போய்விட்டது. டிவியை அணைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். "யாராவது செத்துவிட்டார்களா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

இரண்டு நாளில், அணியைக் களத்தில் நடத்தும் மானேஜர் டெர்ரி ஃபிராங்கோனா போய்விட்டார். 86 ஆண்டு காத்திருந்த ஊருக்கு 2004-இல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், 2007-இல் இன்னொன்றும் கொடுத்தவர். பொது மேலாளர் தியோ எப்ஸ்டீன் அக்டோபரில் சிகாகோ கப்ஸ் அணிக்கு, இன்னும் பெரிய பதவிக்குப் போனார். ஒரே வருடம் வேலை பார்த்த பிட்சிங் கோச்சும் வெளியேறினார். அதே அக்டோபரில்தான் பாஸ்டன் குளோப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது: முறை இல்லாத நாட்களில் தொடக்க பிட்சர்கள் பெக்கெட், லெஸ்டர், லாக்கி மூவரும் சக வீரர்கள் வெளியே ஆடிக்கொண்டிருக்கும்போதே உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து பொரித்த கோழி தின்றார்கள், பீர் குடித்தார்கள், வீடியோ கேம் ஆடினார்கள். ஃபிராங்கோனாவின் சொந்த வாழ்க்கையைக்கூடப் பெயர் சொல்லாத யாரோ இழுத்துப் போட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் புரட்டியது. போகிறவன் மேல் மண் வாரிப் போட்டு அனுப்புகிற பழக்கம் நம் ஊர்க் கட்சி அலுவலகங்களில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் ரயிலில் எல்லார் வாயிலும் கோழி. என் அலுவலகத்தில் ஒருவன் ஒரு வாளிக் கோழி வாங்கி வந்து நடு மேசையில் வைத்தான், எல்லோரும் சிரித்தோம். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

கோழி பொய்யில்லை சேகர். லெஸ்டரே பின்னர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். பெக்கெட் போன்ற மூத்த ஆள் மைதான ஓரத்துப் பெஞ்சில் உட்காராமல் உள்ளே இருந்தால், பக்கத்து இருக்கை காலியாக இருப்பதைப் புதுப்பையன் பார்ப்பானா, மாட்டானா? பார்ப்பான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஜூலையில் அடுக்கடுக்காக ஜெயித்தபோது அந்த அறையில் என்ன தின்றார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஜெயிக்கிற அணி தின்றால் அதற்கு ஒற்றுமை என்று பெயர். தோற்றால் திமிர்.

கோழியைத் தள்ளிவைத்துவிட்டுக் கைகளை எண்ணிப் பார். ஐந்து பேரில் பச்ஹோல்ஸுக்கு முதுகெலும்பின் அடிப்பகுதியில் விரிசல். ஜூன் நடுவில் நின்றவர் அந்த சீசனில் திரும்பவே இல்லை. ஜப்பானிலிருந்து பெரும் பணம் கொடுத்து அழைத்துவந்த மாட்சுசாகாவுக்கு அதே ஜூனில் முழங்கையில் அறுவை. மீதி மூன்று. அந்த ஓட்டையை அடைக்க வந்தவர் யார் தெரியுமா? டிம் வேக்ஃபீல்டு, வயது 45. அவர் ஆயுதம் நக்கிள்பால். விரல் நுனியால் பந்தைக் கவ்வி, சுழலாமல் தள்ளிவிடுவார். மணிக்கு நூறு சொச்சம் கிலோமீட்டர் வேகம்தான், நம் மிதவேக வீச்சாளர்களே அதைவிட வேகமாகப் போடுவார்கள். ஆனால் காற்றில் அது வண்ணத்துப்பூச்சி மாதிரி தத்தளிக்கும். அடிப்பவனுக்கும் தெரியாது, பிடிப்பவனுக்கும் தெரியாது, எறிந்தவருக்கே தெரியாது. ஜூலை 24-இல் அவர் பிட்சராகத் தன் பெயரில் 199-ஆவது வெற்றி பெற்றார். 200-ஆவது வெற்றிக்கு ஏழு வாரம் ஆயிற்று, செப்டம்பர் 13-இல் எட்டாவது முயற்சியில் கிடைத்தது. ஊர் கைதட்டியது, நானும் கண் கலங்கினேன். சாம்பியன்ஷிப்புக்குக் குறிவைத்த ஓர் அணி, தன் பந்துவீச்சின் ஒரு காலை ஒரு 45 வயதுக்காரரின் விரல் நகத்தில் ஊன்றியிருக்கிறதே என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. வேக்ஃபீல்டைக் குறை சொல்லவில்லை, கூப்பிட்டார்கள், வந்தார். ஆறாவது ஆள், ஏழாவது ஆள் யார் என்பதை ஜனவரியில் யோசிக்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

இனி லாக்கி. இந்தக் கடிதமே அவருக்காகத்தான்.

ஜான் லாக்கியை 2009 டிசம்பரில் ஐந்து ஆண்டுக்கு 82.5 மில்லியன் டாலருக்கு வாங்கினார்கள். 2011-இல் அவருடைய கணக்கு 6.41. முறை தவறாமல் எறிகிற ஒருவனுக்கு அது மானக்கேடான எண். அந்தக் கோடையில் ஒரு மாலை நானும் சின்னவனும் ரெட் சாக்ஸின் ஃபென்வே மைதானத்துக்குப் போயிருந்தோம். லாக்கி அடி வாங்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, பிட்சர் நின்று எறிகிற மேட்டிலிருந்து இறங்கி நடந்தார். முப்பதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். நான் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து ஊளையிட்டேன். பையன் என்னை அண்ணாந்து பார்த்தான், பிறகு அவனும் செய்தான்.

என் வலப்பக்கம் ஒரு கிழவி. மடியில் அட்டை, காதில் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் அட்டையிலுள்ள சின்னச் சின்னக் கட்டங்களில் கோடும் புள்ளியும் போட்டுக்கொண்டே இருந்தார். நான் கத்தி முடித்து உட்காரும் வரை காத்திருந்து, அழிப்பானால் ஒரு கட்டத்தைத் துடைத்துவிட்டு, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போடச் சொன்னார்கள், போட்டான். ஒரு நாளாவது மாட்டேன் என்றானா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினேன். வேண்டாம் என்றுவிட்டார்.

சீசன் முடிந்து லாக்கியின் முழங்கையை அறுத்தார்கள். உள்ளே இரண்டு எலும்பையும் சேர்த்துப் பிடிக்கும் நாருக்குப் பதிலாக, உடம்பின் வேறிடத்திலிருந்து தசைநாண் எடுத்து வைத்துத் தைக்கிற அறுவை அது. 1974-இல் முதன்முதலில் செய்துகொண்ட டாமி ஜான் என்ற பிட்சரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. லாக்கி 2012 முழுதும் ஆடவில்லை. 2011 மே மாதமே முழங்கைக்காக அவரைக் கொஞ்ச நாள் உட்கார வைத்துத்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இன்னொன்றையும் கேள். 2009-இல் போட்ட ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து இருந்தது: அந்த முழங்கையின் அறுவையால் நெடுநாள் ஆடாமல் போனால், ஆறாவதாக ஒரு வருடம் லீக்கின் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு அவரை வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை. என்ன அர்த்தம்? வாங்கும்போதே மருத்துவர்கள் அந்தக் கையைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள். கண்ணைத் திறந்துகொண்டுதான் வாங்கியிருக்கிறார்கள். தங்கள் பணத்துக்கு ஒரு வரி எழுதிப் பாதுகாப்புச் செய்துகொண்டார்கள். மேட்டில் நின்று ஊளை வாங்கும் வேலையை அவருக்கு விட்டுவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு புது மானேஜர் வந்தார், பாபி வேலண்டைன். முதல் வேலையாக உடை மாற்றும் அறையில் பீருக்குத் தடை போட்டார். அந்த சீசனில் 69 வெற்றி, 93 தோல்வி. பீர் இல்லாமல்.

2013-இல் முன்பு பிட்சிங் கோச்சாக இருந்த ஜான் ஃபாரல் மானேஜராகத் திரும்பி வந்தார். அக்டோபர் 30, கோப்பைக்கான இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், ஃபென்வே. எறிந்தவர் லாக்கி, புது நார் போட்ட கையோடு. ஏழாவது இன்னிங்ஸில் ஒரு ரன் போனதும் ஃபாரல் மேட்டுக்கு வந்தார். லாக்கி போகமாட்டேன் என்றார். அடிக்க நிற்கிற இவன் என் ஆள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். மானேஜர் திரும்பி நடந்தார். அந்த ஆளை லாக்கியால் அவுட்டாக்க முடியவில்லை என்பதும் உண்மை, நாலு தப்புப் பந்து எறிந்து, நடந்தே தளத்துக்குப் போக விட்டுவிட்டார். பிறகுதான் இறங்கினார். இறங்கும்போது அதே கூட்டம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவர் தொப்பியைத் தொட்டுத் தூக்கினார். பாஸ்டன் 6-1 என்று ஜெயித்தது. சொந்த மைதானத்தில் கோப்பையை ஊர் பார்த்து 95 வருடம் ஆகியிருந்தது. நான் டிவி முன்னால் கத்தவில்லை. பையன் கேட்டான், "அப்பா, நாம் இவரைத் தானே அன்றைக்கு..." என்று ஆரம்பித்தான். ஆமாம் என்றேன்.

அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு, உனக்குப் பிடிக்கும். 2016 உலகத் தொடரில் சிகாகோ கப்ஸும் கிளீவ்லாந்தும் மோதின. கிளீவ்லாந்தின் மானேஜர் ஃபிராங்கோனா. கப்ஸை உருவாக்கியவர் எப்ஸ்டீன். கப்ஸின் தொடக்க பிட்சர்களில் இருவர் லெஸ்டரும் லாக்கியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரே கோழிக்காகத் திட்டு வாங்கிய நாலு பேரும் உலகத் தொடரில். பெக்கெட் மட்டும் இல்லை. அவர் டாட்ஜர்ஸுக்குப் போய் 2014-இல் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஓர் ஆட்டம் முழுவதும் எறிந்துவிட்டு, அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றுவிட்டார்.

இப்போது உன் பையன்கள். அந்த இடக்கைக்காரன் வெள்ளிக்கிழமை கல்லூரிக்கும் ஞாயிற்றுக்கிழமை உனக்கும் வீசுகிறான், நடுவில் சனிக்கிழமை இரவு விளக்கு வெளிச்சத்தில் டென்னிஸ் பந்துப் போட்டிக்குக் காசு வாங்கிக்கொண்டு போகிறான் என்று போன வருடம் நீயே பெருமையாக எழுதியிருந்தாய். அப்படியானால் இரவு பதினொன்றரைக்கு அவன் பரோட்டாக் கடையில் நிற்காமல் வேறெங்கே நிற்பான்? ஆட்டம் முடிந்து பசியோடு வருகிறான். பந்து போடும்போது அவன் முன்னங்கால் எங்கே விழுகிறது, போன வருடமும் அங்கேதான் விழுந்ததா? தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானா? மூன்று பேரும் நெட்டில் போடுவதையும் சேர்த்து வாரத்துக்கு எத்தனை ஓவர் வீசுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு. கிழவி மாதிரி கோடும் புள்ளியும் போட்டாலும் சரி.

கோபித்துக்கொள்ளாதே, இன்னொரு கேள்வி. நாலாவது வேகப்பந்து வீச்சாளன் வேண்டாம், ஒரு பேட்ஸ்மேனைச் சேர்ப்போம் என்று ஜூனில் சொன்னது கமிட்டியா, நீயா?

ஜனவரி 6-ஆம் தேதி சென்னையில் இறங்குகிறேன், பொங்கலுக்கு ஊரில் இருப்பேன். அந்தப் பரோட்டாக் கடைக்கு நாமும் போவோம், படி இல்லாத கடையாக இருந்தால்.

அன்புடன்,
ராஜா