கருத்துக் கேட்பதற்கு முன் வண்டிகளை எண்ணுங்கள்

ஆசிரியருக்கு,

தியாகராய நகர் போன்ற கடைவீதிகளில் புதிய வாகன நிறுத்தக் கட்டுப்பாடு கொண்டுவருமுன் மக்களிடம் கருத்துக் கேட்பது அவசியம். ஆனால் 'கட்டணம் வேண்டுமா, வேண்டாமா' என்று மட்டும் கேட்டால் 'வேண்டாம்' என்ற பதில்தான் வரும்.

முதலில் தெருத்தெருவாகக் கணக்கெடுக்க வேண்டும். காலை 8 முதல் இரவு 10 வரை, அரைமணிக்கு ஒருமுறை, நிற்கும் வண்டிகளின் பதிவெண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் குறித்தால் போதும். ஒரு சாதாரண நாள், ஒரு சனிக்கிழமை, தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள். ஒரே எண் காலை முதல் மாலைவரை திரும்பத் திரும்ப வந்தால், அது பெரும்பாலும் கடைக்காரர் அல்லது ஊழியரின் வண்டி, வாடிக்கையாளருடையது அல்ல. கட்டணம் வைத்தால் வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்ற வியாபாரிகளின் பயத்துக்குச் சரியான பதில் அந்தக் கணக்கெடுப்புத் தாளில்தான் இருக்கிறது. ஏழு இடங்களில் ஒன்றாவது காலியாக இருக்கும்படி கட்டணம் வைத்தால், இடம் தேடிச் சுற்றும் வண்டிகள் குறையும்.

எந்தத் தெருவில் எந்த வண்டி எங்கே நிற்கலாம் என்று காட்டும் வரைபடத்தைத் தமிழில் வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். ஒரு கார் நிற்கும் 5 மீட்டரில் ஐந்து பைக்குகள் நிற்கும் என்பதையும், சரக்கு இறக்கும் நேரத்தையும், ஆட்டோ நிறுத்தத்தையும் அதில் காட்டுங்கள். பக்கத்துத் தெருக்களை விட்டுவிட்டால் நெரிசல் அங்கேதான் போய் நிற்கும். அந்தத் தெருக்களின் குடியிருப்பாளர்களையும் கருத்துக் கேட்புக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள்.

— போக்குவரத்துத் திட்டமிடல் பணியாளர்கள், சென்னை